புருணை வெள்ளி ரிவியூ: ஒண்ணுக்கு ஒண்ணு, கமிஷன் இல்ல, கார்டை மட்டும் தேய்ச்சிராதீங்க

மிக்ஸிக்கு ரிவியூ போட்டாச்சு, பிரியாணிக் கடைக்குப் போட்டாச்சு, இந்தத் தடவை ஒரு கரன்சி நோட்டுக்கு, சிங்கப்பூர் தமிழங்க வெள்ளின்னு சொல்ற டாலர்ல புருணை நாட்டு டாலருக்கு. சிரிக்காதீங்க. பத்து வருஷமா யூஸ் பண்றேன், ஒரு பொருளை இவ்வளவு நாள் வச்சிருந்துட்டு ரிவியூ போடலன்னா எப்படி.

நான் சிங்கப்பூர்ல ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், எண்ணெய்க் கிணத்துக்கு வேண்டிய வால்வு, பம்ப் ஸ்பேர், கேஸ்கெட் இதெல்லாம் சப்ளை பண்ற கம்பெனி. கஸ்டமர்ல பாதிப் பேரு புருணைல, போர்னியோ தீவுல இருக்குற குட்டி நாடு. பாக்கி வசூலு, ஸ்டாக் செக்குன்னு வருஷத்துக்கு மூணு நாலு தடவை அங்க ஓடணும், ஃபிளைட்ல ரெண்டு மணி நேரம்தான். அப்படிப் பழகினதுதான் இந்த நோட்டு.

ஆனா முதல் தடவை இதைப் பாத்தது புருணைல இல்ல, நம்ம சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிட்டு அம்பது வெள்ளி நீட்டினேன், மீதில ஒரு பச்சைக் கலர் அஞ்சு வெள்ளி நோட்டு, தொட்டா பிளாஸ்டிக்தான், கலரும் சிங்கப்பூர் அஞ்சு மாதிரியேதான், ஆனா சிங்கப்பூரோட முதல் ஜனாதிபதி யூசுஃப் இஷாக் படம் இருக்க வேண்டிய இடத்துல ராஜா டிரெஸ்ல வேற ஒருத்தர், பக்கத்துல அரபி மாதிரி எழுத்து. கள்ள நோட்டுன்னே நெனச்சுட்டேன். "அண்ணே, இது யாரு?" கடைக்காரர் தலையத் தூக்காமலே "புருணை சுல்தான்மா, செல்லும், வச்சுக்க" ன்னுட்டு அடுத்த ஆளுக்குக் கத்தரிக்கா நிறுக்கப் போயிட்டார். செல்லத்தான் செஞ்சுச்சு. மறுநாள் கோப்பிக்கடைல தெ தாரிக் டீக்குக் குடுத்தேன், ஒரு வார்த்தை பேசாம கல்லாவுல போட்டுக்கிட்டாங்க.

அந்த எழுத்து அரபி இல்ல, ஜாவி, மலாய் மொழியோட பழைய எழுத்து. இது அப்புறமா தெரிஞ்சுக்கிட்டது.

சரி, சர்வீஸ் என்னன்னா இதுதான். சிங்கப்பூர் டாலரும் புருணை டாலரும் தனித்தனிக் கரன்சி, அச்சடிக்கிறது தனித்தனி ஆளுங்க, ஆனா ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுக்கு ஒண்ணு மாறும். பேங்க்ல கொண்டு போய்க் குடுத்தா அதே மதிப்புக்குக் கமிஷன் எதுவும் எடுக்காம வாங்கிக்கணும்ங்கிறது ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல இருக்குற ஒப்பந்தம். 1967 ஜூன் 12-லேர்ந்து ஓடுது. அங்க சேர்ற இந்த ஊர் நோட்டையும் இங்க சேர்ற அந்த ஊர் நோட்டையும் அப்பப்ப மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிக் கணக்குத் தீர்த்துக்குவாங்க. இதுல நடுவுல ஒரு பொது செண்ட்ரல் பேங்க் கிடையாது, யூரோ மாதிரி பெரிய கட்டடம் கிடையாது, பிரஸ் மீட் கிடையாது. 40-வது வருஷத்துக்கு 20 வெள்ளி நோட்டு ஒண்ணு, 50-வது வருஷத்துக்கு 50 வெள்ளி நோட்டு ஒண்ணு சேந்து வெளியிட்டாங்க, ஆர்ப்பாட்டம் அவ்வளவுதான்.

இதோட பூர்வீகம் தெரியணும்னா சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எங்க புளோக் கீழ மளிகைக் கடை வச்சிருக்குற மாமாகிட்டதான் கேக்கணும். பினாங்குல பொறந்தவர். எனக்கு ஊர்லேர்ந்து வந்த புதுசுல ஒரு குழப்பம், சிங்கப்பூர் தமிழங்க டாலரை வெள்ளின்னு சொல்றாங்க, மலேசியாக்காரங்க ரிங்கிட்டையும் வெள்ளின்னு சொல்றாங்க, ஜோகூர்லேர்ந்து வர்ற கூட வேலை பாக்குற பொண்ணு "அது முப்பது வெள்ளி, அக்கா" ன்னா எந்த வெள்ளின்னு ஒவ்வொரு தடவையும் கேக்கணும். மாமாகிட்ட கேட்டப்ப சொன்னார், "அப்ப எல்லாம் ஒரே வெள்ளிதாம்மா, ஊரு பிரிஞ்சுச்சு, காசு பிரிஞ்சுச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு." நெஜம்தான். மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை எல்லாத்துக்கும் வெள்ளைக்காரன் காலத்துல ஒரே போர்டு ஒரே டாலர். 1967-ல மூணு நாடும் தனித்தனியா நோட்டு போட ஆரம்பிச்சப்ப மூணும் ஒண்ணுக்கு ஒண்ணு மாறும்னுதான் ஒப்பந்தம்.

அதே வருஷம் நவம்பர்ல பிரிட்டன் பவுண்டு மதிப்பைக் குறைச்சுச்சு. புது நோட்டுங்க தப்பிச்சுச்சு, ஆனா பவுண்டோட கட்டி வச்சிருந்த பழைய நோட்டு அடி வாங்கிருச்சு, 100 வெள்ளி பழைய நோட்டுக்கு 85 வெள்ளிதான். மாமாவோட அப்பா பழைய நோட்டாவே மைலோ டப்பாவுல சேத்து வச்சிருந்தாராம், ஒரே நாள்ல நூத்துக்குப் பதினஞ்சு போச்சு. பினாங்குல ஹர்த்தால் நடந்து கலவரமாகி ஆளுங்க செத்தே போனாங்க. "நாங்க தப்பு எதுவும் பண்ணல, லண்டன்ல யாரோ கணக்குப் போட்டதுக்கு எங்க டப்பாவுல ஓட்டை" ன்னு மாமா இன்னிக்கும் சொல்வார். இந்த டப்பா மேட்டரை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

1973 மே மாசம் மலேசியா கூட்டுலேர்ந்து கழண்டுகிச்சு. அன்னிக்கு ஒண்ணுக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல. மிச்சம் இருந்த ரெண்டு பேரு இன்னும் பிரியல.

இப்ப யூசர் எக்ஸ்பீரியன்ஸ். புருணைல எறங்கினதும் நான் பண்ற முதல் வேலை ஒண்ணுமே இல்ல. காசு மாத்துற கடை தேட வேணாம், ரேட் பாக்க வேணாம். பர்ஸ்ல இருக்குற சிங்கப்பூர் நோட்டை அப்படியே நீட்டலாம். தலைநகரம் பந்தர் ஸ்ரீ பகவான் ஊருக்குள்ள ஆத்துல கம்போங் ஆயர்னு தண்ணி மேலயே ஒரு ஊரு, அதுக்குப் படகுல போக ஒரு வெள்ளி, கடோங் நைட் மார்க்கெட்ல நாசி கதோக்னு பிரவுன் பேப்பர்ல சோறு, ஒரு பொரிச்ச கோழித் துண்டு, சம்பல், அதுவும் ஒரு வெள்ளி. ரெண்டு வெள்ளி சிங்கப்பூர் நோட்டைக் குடுத்து ஒரு வெள்ளி புருணை நோட்டு மீதி வாங்குற அந்த ஒரு செகண்ட், வேற நாட்டுல இருக்கோம்ங்கிறதே மறந்து போகும். சிங்கப்பூர்ல ஒரு வெள்ளி காயின், அங்க நோட்டு, நீலக் கலர்ல. திரும்பி வரும்போது மிச்ச நோட்டை மாத்தணும்ங்கிற கவலையும் இல்ல. வேற எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தாலும் ஒரு கவர்ல மிச்சக் காசு செத்துப் போய்க் கெடக்கும்ல, இங்க அது இல்ல.

குறைன்னு பாத்தா முதல் குறை கார்டு. இது தெரியாம மாட்டினேன். ஹோட்டல்ல 48 வெள்ளி பில்லுக்குக் கார்டு தேய்ச்சேன், ஒண்ணுக்கு ஒண்ணுதானேங்கிற தைரியத்துல. மாசக் கடைசில ஸ்டேட்மெண்ட் பாத்தா 49 வெள்ளி 50 காசு சொச்சம். பேங்குக்குப் போன் போட்டா அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லுது, "மேடம், அது ஃபாரின் கரன்சி டிரான்சாக்‌ஷன்." ஏங்க, உங்க கவுண்டர்ல நோட்டாக் குடுத்தா உள்ளூர்க் காசு, கார்டுல தேய்ச்சா ஃபாரினா? ஆமாவாம். ஒப்பந்தம் நோட்டுக்கும் காயினுக்கும், கார்டு கம்பெனி கணக்கு தனி. அக்கவுண்ட்ஸ் பாக்குறவளுக்கே இது தெரியலன்னு ஆபீஸ்ல ஒரு வாரம் ஓட்டினாங்க.

அடுத்தது, சிங்கப்பூர்ல எல்லாக் கடையும் வாங்கும்னு நம்பிப் போகாதீங்க. பேங்க் வாங்கும். கடைக்காரர் வாங்குறது வழக்கம்தான், கட்டாயம் கிடையாது. ஒரு பபிள் டீ கடைல இருபது வயசுப் பையன் என் பத்து வெள்ளி புருணை நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஆண்ட்டி, திஸ் ஒன் கெனாட்" ன்னுட்டான். ஆண்ட்டின்னதுதான் ரொம்ப வலிச்சுச்சு. வெண்டிங் மெஷின்ல போட்டேன், துப்பிருச்சு. காயின் இன்னும் மோசம், நான் குடுத்துப் பாத்த கடை எதுலயும் வாங்கல. அங்கயும் அப்படித்தான், ஓரம் லேசாக் கிழிஞ்ச சிங்கப்பூர் நோட்டை புருணைல ஒரு பெட்ரோல் பங்க்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் இந்த ரெண்டு நாட்டை விட்டு வெளிய வந்தா ரெண்டு நோட்டும் ஒண்ணு இல்ல. சென்னைல ஒரு சேஞ்சர்கிட்ட நாப்பது வெள்ளி நீட்டினேன், சிங்கப்பூர் நோட்டு ரெண்டை எடுத்து ரேட் சொன்னார், சுல்தான் நோட்டு ரெண்டைத் திருப்பித் தள்ளிட்டு "இது நமக்கு மூவ் ஆகாதும்மா".

இதெல்லாம் சில்லறைக் குறை. எனக்கு ரொம்ப நாளா மண்டையைக் கொடஞ்ச கேள்வி வேற. இது எப்படிங்க ஓடுது? ஓடவே கூடாதே.

எம்.காம்ல படிச்சது கொஞ்சம் ஞாபகம் இருக்கு. ராபர்ட் முண்டெல்னு கனடாக்காரர், 1961-ல ஒரு கட்டுரை எழுதினார், பின்னாடி 1999-ல நோபல் வாங்கினார். அவர் கேட்ட கேள்வி, எந்தெந்த ஊரு சேந்து ஒரே காசு வச்சுக்கலாம்? எளிமையாச் சொன்னா ரெண்டு ரூமுக்கு ஒரே ஏசி ரிமோட்டு. ரெண்டு ரூம்லயும் ஒரே நேரத்துல புழுங்கி ஒரே நேரத்துல குளிர்ந்தா பிரச்சனை இல்ல. ஒரு ரூம்ல வேர்க்குது, இன்னொண்ணுல போர்வை இழுத்துப் போத்திக்கிறாங்கன்னா ரிமோட்டு யார் கைல இருக்குங்கிறதுதான் சண்டை. வியாபாரம் ஏறுறதும் எறங்குறதும் ரெண்டு நாட்டுக்கும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே காசு தாங்கும், இல்லன்னா ஆளுங்க வேலை தேடி ஊர் விட்டு ஊர் சுலபமாப் போகணும், இல்லன்னா நல்லா இருக்குற ஊரு நொடிஞ்ச ஊருக்குப் பணம் தள்ளணும். கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்குற மாதிரி.

பின்னாடி 1998-ல ஃபிராங்கெல், ரோஸ்னு ரெண்டு பேரு, இல்லங்க, பொருத்தம் பாத்துக் கட்டிக்க வேணாம், கட்டிக்கிட்டு வியாபாரம் பெருகினா பொருத்தம் தானா வரும்னு எழுதினாங்க. அதுக்கு எதிர்த் தரப்பும் இருக்கு, க்ருக்மேன் மாதிரி ஆளுங்க, வியாபாரம் பெருகினா ஒவ்வொரு ஊரும் தனக்கு வர்ற தொழிலை மட்டும் பிடிச்சுக்கும், வித்தியாசம் கூடத்தான் செய்யும்னாங்க.

சிங்கப்பூர் புருணை ஜோடியை இதுல வச்சுப் பாருங்க. அம்பது வருஷம் தாண்டின கல்யாணம், பொருத்தம் இன்னும் வரல. புருணை விக்கிறது எண்ணெயும் கேஸும், ஏற்றுமதில பெரும்பங்கு அதுதான். சிங்கப்பூர் எண்ணெய் ஒரு சொட்டுகூட தோண்டாத ஊரு, வாங்கி சுத்திகரிச்சு விக்கும், சிப் செய்யும், கப்பல் ஏத்தும், பேங்க் நடத்தும். 2010-ல சிங்கப்பூர் 14.5 சதவீதம் வளர்ந்துச்சு, புருணை மூணைத் தொடல. 2013-லேர்ந்து 2016 வரைக்கும் நாலு வருஷம் புருணைப் பொருளாதாரம் தொடர்ந்து சுருங்குச்சு, அந்த நாலு வருஷமும் சிங்கப்பூர் வளர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. 2020 கோவிட்ல தலைகீழ், சிங்கப்பூர் நாலு சதவீதம் கிட்ட சுருங்குச்சு, புருணை ஒரு சதவீதம் போல வளர்ந்துருச்சு, 2019 கடைசில புலாவ் முவாரா பெசார் தீவுல ஆரம்பிச்ச சீனா ரிஃபைனரி புண்ணியத்துல.

புள்ளிவிவரத்தை விடுங்க, நான் கண்ணால பாத்தது சொல்றேன். 2016 ஆரம்பத்துல செரியா போனேன். 1929-ல முதல்ல எண்ணெய் எடுத்த ஊரு, ரோட்டோரமே குதிரை தலையாட்டுற மாதிரி பம்ப்பு ஆடிக்கிட்டு இருக்கும். நூறு டாலருக்கு மேல வித்த பேரல் ஒன்றரை வருஷத்துல முப்பதுக்குக் கீழ எறங்கியிருந்த நேரம். பம்ப்பு எப்பவும் போல ஆடுது, ஆனா எங்க கஸ்டமர் ஒர்க்‌ஷாப்ல பாதி லைட்டு ஆஃப். போன வருஷம் ஆறு பேரு இருந்த ஸ்டோர்ல ரெண்டு பேரு. ஷெல்ஃப்ல நாங்க அனுப்பின கேஸ்கெட் பாக்கெட் சீல்கூடப் பிரிக்காம தூசி படிஞ்சு கெடக்கு, விரல் வச்சுக் கோடு போடலாம் போல. ஸ்டோர்கீப்பர் ஒரு மலாய்ப் பெரியவர், டீ போட்டுக் குடுத்துட்டு, பாக்கி பத்தி நான் வாயெடுக்குறதுக்குள்ள "அடுத்த மாசம் சிஸ்டர்" ன்னார். ராத்திரி ஃபிளைட் பிடிச்சு சிங்கப்பூர் வந்தா ஏர்போர்ட் டாக்ஸிக்குப் பாம்பு மாதிரி வரிசை. ரெண்டு மணி நேரத் தூரம், கைல ஒரே மதிப்புள்ள நோட்டு.

அப்ப ஏன் உடையல? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முதல் காரணம், ரிமோட்டுக்காக சண்டையே இல்ல. ரிமோட்டு சிங்கப்பூர் கைலதான், அது ரெண்டு பேருக்கும் தெரியும். சிங்கப்பூர் மானிட்டரி அத்தாரிட்டி, அதாவது இந்த ஊரு செண்ட்ரல் பேங்க், இங்க எல்லாரும் எம்ஏஎஸ்னுதான் சொல்வோம், 1981-லேர்ந்து வட்டியை வச்சு ஆட்டம் ஆடுறதில்ல, டாலர் மதிப்பைத்தான் ஏத்தி எறக்கும். பல நாட்டுக் கரன்சியை ஒரு கூடைல வச்சு அந்தக் கூடைக்கு எதிரா மெதுவா ஏற விடலாமா, நிறுத்தலாமா, எறக்கலாமான்னு முடிவு பண்ணும். புருணை கைல இருக்குறது அந்த முடிவுக்குத் தலையாட்டுறது மட்டும்தான். அச்சடிக்கிற நோட்டுக்கு முழு ஈடு சொத்தாக் கையில வச்சுக்கணும், அதுக்கு மேல குறும்பு பண்ண முடியாது. மலேசியா பெரிய நாடு, ரப்பர், தகரம், செம்பனைன்னு தனக்குன்னு தனி ஏத்த எறக்கம், 1959-லேர்ந்து தனக்குன்னு செண்ட்ரல் பேங்க், அது ரிமோட்டு கேட்டுச்சு, கெடைக்கலன்னு தனி ரூம் எடுத்துக்கிச்சு. அதுல தப்பும் இல்ல.

ரெண்டாவது, ரிமோட்டு கைல இருந்தாலும் புருணைக்குப் பெருசா உபயோகம் இல்ல. யோசிச்சுப் பாருங்க, காசு மதிப்பை எறக்கினா என்ன லாபம், நம்ம சரக்கு வெளிநாட்டான் கண்ணுக்கு மலிவாத் தெரியும், அதிகமா விக்கும். புருணை விக்கிற எண்ணெய்க்கு விலை அமெரிக்க டாலர்ல, உலகச் சந்தைல. சுல்தான் நோட்டு மதிப்பு பாதியாப் போனாலும் ஒரு பேரல்கூட எக்ஸ்ட்ரா விக்காது. ஆனா அரிசி, கோழித் தீவனம், கார், சிமெண்டு எல்லாம் வெளியிலேர்ந்து வருது, அது அத்தனையும் விலை ஏறும். நாசி கதோக் ஒரு வெள்ளிக்கு எங்க கெடைக்கும்? அரசாங்கத்துக்கு வேணா ஒரு லாபம் இருக்கு, எண்ணெய் வித்து வர்ற அமெரிக்க டாலரை மாத்தினா உள்ளூர் வெள்ளி அதிகமா வரும், சம்பளம் குடுக்கத் தோதா இருக்கும். அதாவது ஜனங்க டப்பாவுல கை விட்டு பட்ஜெட் ஓட்டையை அடைக்கிறது. மாமாவோட அப்பா மைலோ டப்பா ஞாபகம் இருக்குல்ல. அந்த வேலையைப் பண்ணாம 2014-க்கு அப்புறம் பட்ஜெட்டுல துண்டு விழுந்ததை நல்ல காலத்துல சேத்து வச்ச எண்ணெய்க் காசுலேர்ந்து சமாளிச்சாங்க. அதுக்குன்னு 1983-ல ஆரம்பிச்ச முதலீட்டு ஏஜென்சி இருக்கு, எவ்வளவு வச்சிருக்காங்கன்னு வெளிய சொல்றதில்ல. முண்டெல் கணக்குல பக்கத்து நாடு குடுக்க வேண்டிய பணத்தை இவங்க பழைய புருணைகிட்டேர்ந்தே வாங்கிக்கிறாங்க.

மூணாவதுதான் எனக்கே ஆச்சரியம், கம்பெனி எக்ஸ்சேஞ்ச் ரேட் ஃபைலைப் பொரட்டினப்ப கண்ணுல பட்டுச்சு. ரெண்டு நாட்டு ஜுரமும் வேற வேற, ஆனா டாக்டர் சிங்கப்பூருக்கு எழுதுற மருந்து பல தடவை புருணைக்கும் ஒத்துப் போகுது. எப்படின்னா, எண்ணெய் விலை ஏறினா சிங்கப்பூர்ல விலைவாசி ஏறும், எம்ஏஎஸ் டாலரை வேகமா ஏற விடும். அதே நேரம் புருணைல காசு கொழிக்கும், அங்கயும் காசு கெட்டியாகுறது நல்லதுதான். 2021 அக்டோபர்லேர்ந்து 2022 அக்டோபர் வரைக்கும் அஞ்சு தடவை இறுக்கினாங்க, அதாவது டாலரை இன்னும் ஏற விட்டாங்க, எண்ணெயும் கேஸும் எகிறின காலம். எண்ணெய் விழுந்தா இங்க விலைவாசி அடங்கும், எம்ஏஎஸ் தளர்த்தும், அங்க புருணை தவிக்கிற நேரத்துல காசு கொஞ்சம் லேசாகும். 2015 ஜனவரில வழக்கமான தேதி வர்றதுக்கு முன்னாடியே தளர்த்தினாங்க, அந்த அக்டோபர்ல இன்னொரு தடவை, 2016 ஏப்ரல்ல ஏத்தத்தையே நிறுத்திட்டாங்க. நான் செரியாவுல தூசில கோடு போட்ட அதே சமயம். யாரும் பிளான் பண்ணினது இல்ல, ஒருத்தன் வாங்குறவன் ஒருத்தன் விக்கிறவன்ங்கிறதால வந்த அதிர்ஷ்டம். ஏத்த எறக்கம் ஒண்ணா இருக்கான்னு பாக்குற பரீட்சைல இந்த ஜோடி ஃபெயில், மருந்து ஒத்துக்குதான்னு பாத்தா ஜஸ்ட் பாஸ். இது என் கண்டுபிடிப்பு, பொருளாதாரம் படிச்சவங்க திட்டலாம், வாங்கிக்கிறேன்.

ஆனா பில்லு யாரோ கட்டத்தான் செய்றாங்க. புருணையோட எல்லைப் பக்கம் இருக்குற கோலா பெலாய்த்லேர்ந்து சுங்கை துஜோ பார்டர் தாண்டினா மிரி, சரவாக்ல, மலேசியா. வெள்ளிக்கிழமை, ஞாயித்துக்கிழமை லீவுன்னா புருணை நம்பர் பிளேட்டு வரிசையா நிக்கும் (அங்க வார லீவு அந்த ரெண்டு நாளு, நடுவுல சனிக்கிழமை ஆபீஸ், அது தனிக் கொடுமை). சிங்கப்பூர் மாதிரி கெட்டியான காசு, எதிர்ல மூணுக்கு ஒண்ணு ரிங்கிட்டு, எவன் உள்ளூர்ல சோபா வாங்குவான்? முடி வெட்டக்கூட மிரிதான். எங்க கஸ்டமரோட சம்சாரம் செரியாவுல துணிக்கடை வச்சிருந்தாங்க, கோவிட்ல பார்டர் மூடியிருந்தப்ப வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சாம், பார்டர் தொறந்து மூணே மாசத்துல பழைய கதை. "எங்க மண்ணைச் சுத்தி மூணு பக்கம் சரவாக், ஆனா எங்க காசு கடல் தாண்டி சிங்கப்பூர்ல குடியிருக்கு" ன்னு அவங்க சொன்னது சரிதான். எண்ணெய் தவிர வேற தொழில் வரட்டும்னு அரசாங்கம் எத்தனை வருஷமாச் சொல்லுது, பக்கத்து வீட்டுல எல்லாமே இவ்வளவு மலிவுன்னா புதுசா யாரு ஃபேக்டரி போடுவா. 2017-ல வேலையில்லாதவங்க 9.3 சதவீதம், பெட்ரோல் லிட்டர் 53 காசுக்கு விக்கிற, தனி ஆளுக்கு வருமான வரியே இல்லாத நாட்டுல. அந்த ஸ்டோர்கீப்பர் பெரியவரோட பையன் டிப்ளமோ முடிச்சுட்டு ரெண்டு வருஷம் வீட்டுலதான் இருந்தான். ஒரே வெள்ளியா இருந்தாலும் அவன் சட்டுனு ஃபிளைட் ஏறி சிங்கப்பூர்ல வேலைக்கு சேர முடியாது, வேலை பாக்க பாஸ் வேணும். நோட்டுக்கு விசா வேணாம், ஆளுக்கு வேணும்.

வேற பிராண்டோட கம்பேர் பண்ணுங்கன்னு கேப்பீங்க. யூரோ இதை விட ரொம்பப் பெரிய மாடல், ஃபீச்சர் அதிகம், ரிப்பேர் செலவும் அதிகம். 2003-லேர்ந்து 2005 வரைக்கும் ஜெர்மனி சோர்ந்து கெடக்குன்னு வட்டி ரெண்டு சதவீதத்துலயே இருந்துச்சு, அதே வட்டி அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும், அங்கயோ வீட்டு விலை ஏற்கனவே கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. எரியிற அடுப்புல எண்ணெய். 2010-ல அயர்லாந்து 67.5 பில்லியன் யூரோ கடனுக்குக் கை நீட்டுச்சு, 2013-ல ஸ்பெயின்ல நாலுல ஒருத்தருக்கு மேல வேலை இல்ல. அங்க சேத்து வச்ச எண்ணெய்க் காசும் இல்ல, மருந்து ஒத்துப் போற அதிர்ஷ்டமும் இல்ல. நம்ம பக்கம்னா நேபாளம், இந்திய ரூபாய் ஒண்ணுக்கு நேபாள ரூபாய் 1.60-ன்னு 1993-லேர்ந்து கட்டி வச்சிருக்காங்க, பூட்டான் ஒண்ணுக்கு ஒண்ணு. ஆனா அது ஒருவழிப் பாதை, நம்ம நோட்டு அங்க செல்லும், அவங்க நோட்டு எல்லை ஊரைத் தாண்டி நம்மகிட்ட செல்லாது. 2016 நவம்பர் 8 ராத்திரி நம்ம 500, 1000 செல்லாதுன்னு சொன்னப்ப நேபாளத்துல அந்த நோட்டை வச்சிருந்தவன் எந்த வரிசைல போய் நிப்பான்? திரும்பவும் டப்பா கதைதான். அந்த வகைல சிங்கப்பூரும் புருணையும் ஒருத்தர் நோட்டை ஒருத்தர் மதிச்சு வாங்கிக்கிறாங்க பாருங்க, அளவுல எவ்வளவு வித்தியாசம் இருந்தும், அதுக்கு முழு மார்க்.

ஸ்டார் கேட்டா, டூரிஸ்ட்டா போறவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, கேஷ் எடுத்துட்டுப் போனா மட்டும். கார்டுன்னா மூணு. செரியாவுல துணிக்கடை வச்சிருக்குறவங்கன்னா ரெண்டு, அதுவும் விலைவாசி எகிறாம இருக்கேங்கிறதுக்காக. ஸ்டோர்கீப்பர் பையன்கிட்ட நான் கேக்கல. அந்தப் பாக்கி? ஏழு மாசம் கழிச்சு முழுசா வந்துருச்சு, எக்ஸ்சேஞ்ச் லாஸ் காலத்துல சைபர் போட்டேன், வேற எந்த நாட்டுக் கஸ்டமருக்கும் அப்படிப் போட்டதே இல்ல.

கடைசியா ஒரு சின்ன விளம்பரம். என்கிட்ட புருணைக் காயின் ஒரு வெள்ளி 70 காசு ரொம்ப நாளா டிராயர்ல கெடக்கு, இங்க எவனும் வாங்க மாட்டேங்கிறான். அடுத்து யாராவது அந்தப் பக்கம் போறதா இருந்தா சொல்லுங்க, தேக்காவுல வந்து குடுக்குறேன். ரேட் ஒண்ணுக்கு ஒண்ணுதான்.